எண்பத்தெட்டாவது ஆள்

ஷாயிஃப் முக்பில் எந்த நாட்டுக்குத் தூதர் என்பதை அவரே தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். எங்கள் ஏமனில் அப்படித்தான். ஆளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்கிற பழக்கமெல்லாம் கிடையாது. செய்தி வாசிக்கிறவர் தொண்டையைச் செருமிக்கொண்டு "குடியரசு ஆணை எண்" என்று ஆரம்பித்தாரானால் நாட்டில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும், மீதிப் பேருக்கு நாக்கில் எச்சில் ஊறும். ஷாயிஃபுக்கு ஒரு தடவை முடி வெட்டிக்கொண்டிருக்கும்போதே பதவி போயிற்று. முடி வெட்டுகிறவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, மீதித் தலையையும் வெட்டட்டுமா, இல்லை அடுத்த ஆணை வருகிறவரை பொறுக்கலாமா என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

ஷாயிஃப் தைஸ் நகரத்துக்காரர். ஆங்கிலம் நன்றாக வரும். அதனால் வெளியுறவு வேலையில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். வடக்கும் தெற்கும் ஒன்றாகி ஒரே நாடான புதிது அது. நாடு ஒன்றானதே தவிர, யாருடைய பதவியையும் பறிக்க மாட்டோம் என்று இரண்டு பக்கத்துத் தலைவர்களும் வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆகையால் ஷாயிஃப் முதலில் போன தூதரகத்தில் இரண்டு தூதர்கள் இருந்தார்கள், நாற்காலி ஒன்றுதான். ஒற்றைப்படைத் தேதியில் தெற்கத்தித் தூதர் உட்காருவார், இரட்டைப்படைத் தேதியில் வடக்கத்தித் தூதர். முப்பத்தொன்றாம் தேதியும் ஒன்றாம் தேதியும் அடுத்தடுத்து வந்து தெற்குக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கிறது என்று வடக்கர் புகார் எழுத, முப்பத்தொன்றாம் தேதி தூதரகத்துக்கு விடுமுறை என்று தீர்ப்பாயிற்று. வேலை எப்படி நடக்கிறது என்று ஷாயிஃப் அங்கேதான் கற்றுக்கொண்டார்.

அவர் கற்றுக்கொண்ட இன்னொன்று ஒரு வாக்கியம். 'நிலைமையை ஆழ்ந்த கவலையுடன் கவனித்து வருகிறோம்.' இதை எந்த நாட்டிலும், எந்த ஆட்சியிலும், யாரைப் பற்றியும் சொல்லலாம். சொல்லி முடித்ததும் எல்லோரும் தலையாட்டுவார்கள், காப்பி வரும். இந்த ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஷாயிஃப் மூன்றாம் செயலாளராகி, முதல் செயலாளராகி, நாலு நாடுகளுக்குத் தூதராகி, கடைசியில் ஆலோசகராகவும் ஆனார். பதவி பறிபோனவர்களை எங்கள் அரசாங்கம் ஆலோசகர் ஆக்கிவிடும். ஆலோசனை யாரும் கேட்க மாட்டார்கள். அப்புறம் போர் வந்தது, தலைநகர் சனாவைக் கிளர்ச்சிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அரசாங்கம் பெட்டி படுக்கையோடு வெளிநாட்டு ஓட்டல்களுக்குக் குடிபோனது. ஷாயிஃபுக்கும் ஓர் அறை கிடைத்தது. அங்கே இருந்துகொண்டு அவர் ஆழ்ந்த கவலையுடன் கவனித்து வந்தார்.

அப்படி ஒரு நாள் தொலைக்காட்சியில் இரண்டு நிமிடம் கவலைப்பட்டதுதான் வினையாகப் போயிற்று.

அவருடைய தம்பி தாபித்துக்கு அரசியலும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. தைஸின் புகை போட்ட பாலாடைக்கட்டியை வாங்கி விற்கிற வியாபாரம். நகரத்தின் கிழக்கு ஓரத்தில் ஹவ்பான் என்கிற பகுதி. முன்பெல்லாம் கால் மணி நேரத்தில் போய்விடலாம். இப்போது நடுவில் போர்முனை கிடப்பதால் மலையைச் சுற்றி ஆறு மணி நேரம் போக வேண்டும். அறுபது வட்டப் பாலாடைக்கட்டியை ஏற்றிக்கொண்டு தாபித் அப்படித்தான் ஒரு நாள் போனான். கிளர்ச்சிக்காரர்களின் சோதனைச் சாவடியில் இருந்தவன் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, டிவியில் வருகிற தூதர் ஷாயிஃப் முக்பில் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். கொஞ்சமாவது விவரம் உள்ளவன் யாரென்றே தெரியாது என்று சொல்லியிருப்பான். தாபித்தோ நெஞ்சை நிமிர்த்தி, "எங்க அண்ணன்தாங்க" என்றான். பாலாடைக்கட்டியை அவர்கள் தின்றார்கள். அவனைச் சிறையில் வைத்தார்கள்.

தைஸிலிருந்து அக்கா கபூல் தொலைபேசியில் கூப்பிட்டாள். மூன்று பேரில் மூத்தவள் அவள்தான். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. தாபித்தின் குடும்பத்தோடுதான் இருக்கிறாள். அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை.

"உன் தம்பின்னு சொன்னதுக்குத்தான் அவனைப் பிடிச்சு வச்சிருக்காங்க. நீதான் வெளிய கொண்டாரணும், ஷாயிஃப். என்ன செய்வியோ ஏது செய்வியோ எனக்குத் தெரியாது."

ஷாயிஃபுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவருக்கு உண்மையான கவலை வந்திருந்தது. அதைச் சொல்ல அவரிடம் வாக்கியம் இல்லை.

கைதிகளைப் பரிமாறிக்கொள்ள ஓர் உயர்குழு அமைத்திருந்தார்கள். தலைவர் மாண்புமிகு டாக்டர் லுத்ஃபி. எதில் டாக்டர் என்று யாருக்கும் தெரியாது, கேட்டவருக்கு அப்புறம் பதவி உயர்வு கிடைத்ததில்லை. ஷாயிஃப் அவர் அறை வாசலில் ஒன்பது நாள் காத்துக் கிடந்து குழுவில் இடம் பிடித்தார். முதல் கூட்டத்திலேயே லுத்ஃபி எழுந்து நின்று நேர்மையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். எந்த உறுப்பினரும் தன் சொந்தக்காரன் பெயரைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது, அது ஊழல் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தேநீர் இடைவேளையில் பக்கத்து நாற்காலிக்காரர் ஷாயிஃபின் காதருகே குனிந்து, "நீ என் மச்சானைச் சேத்துவிடு, நான் உன் தம்பியைச் சேக்கறேன்" என்றார். சாயங்காலத்துக்குள் நூற்று அறுபத்து மூன்று பெயர்கள் சேர்ந்தன. நேர்மைக்கு ஒரு பழுதும் வரவில்லை. தாபித் எண்பத்தெட்டாவது பெயர்.

பேச்சுவார்த்தை அம்மானில் ஓர் ஓட்டலில் நடந்தது. அந்தப் பக்கத்துக் குழுவும் வந்து இறங்கியது. அவர்களுக்குத் தலைவர் அபூ நஜ்ம் என்று ஒருவர், அதிகம் பேசாதவர். எந்தக் குழுவுக்கு மேல் மாடி என்பதில் முதல் இரண்டு மாதம் போயிற்று. கீழே இருக்க யாரும் சம்மதிக்கவில்லை. முடிவில் இரண்டு குழுவையும் மூன்றாவது மாடியிலேயே எதிரெதிர் அறைகளில் வைத்தார்கள். ஆனால் எதிரியின் வாசலைத் தாண்டிக் காகிதம் வரக் கூடாதே. அதனால் சமரசத் தூதராக வந்திருந்த வெள்ளைக்காரர், பாவம், எங்கள் அறையில் காகிதத்தை வாங்கிக்கொண்டு ஒரு மின்தூக்கியில் தரைத்தளத்துக்கு இறங்கி, இன்னொரு மின்தூக்கியில் ஏறி, பத்தடி தள்ளியிருந்த எதிர் அறையில் கொண்டுபோய்க் கொடுத்தார். நாலே மாதத்தில் மனிதருக்கு முழங்கால் போய்விட்டது.

அப்புறம் படம். பட்டியலில் ஒவ்வொருவன் பெயருக்கு எதிரிலும் படம் ஒட்டலாமா என்று பேச்சு வந்தது. தலைப்பாகையோடா, இல்லாமலா என்பதில் சிக்கியது. தலைப்பாகை இருந்தால் அந்தப் பக்கத்து ஆள் மாதிரி இருக்கிறது என்றார் லுத்ஃபி. தலைப்பாகை இல்லாத படம் மானக்கேடு என்றார் அபூ நஜ்ம். ஐந்து மாதம் கழித்துப் படமே வேண்டாம், பெயரும் தகப்பன் பெயரும் போதும் என்று முடிவாகி, இதை ஒரு மாபெரும் முன்னேற்றம் என்று இரண்டு தரப்பும் அறிக்கை விட்டன.

ஆனால் உண்மையான இடைஞ்சல் இதெல்லாம் இல்லை. காத் இலைதான். ஏமனில் காலையில் எவனும் எதையும் முடிவு செய்வதில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து, திண்டில் சாய்ந்து, இடது கன்னத்தில் காத் இலையை ஒவ்வொன்றாக அடக்கி, கன்னம் எலுமிச்சை அளவுக்கு உப்பிய பிறகுதான் மூளை வேலை செய்யும். கொலைப் பழி, கல்யாணம், மந்திரிசபை எல்லாம் முடிவாவது அந்த நேரத்தில்தான். அம்மானிலோ காத்துக்குத் தடை. மத்தியானம் இரண்டு மணி ஆனதும் எதிரெதிர் அறைகளில் இருபது பேர் காலிக் கன்னத்தோடு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏலக்காய்த் தேநீர் குடித்துப் பார்த்தார்கள். புதினாத் தழையை மென்று பார்த்தார்கள். ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. கொட்டாவி விட்டபடி எழுந்து படுக்கப் போனார்கள். இப்படியே ஒரு வருடம் ஓடியது.

இரண்டு குழுவும் ஒரே குரலில் பேசியது ஒரே ஒரு தடவைதான். அடுத்த சுற்றுப் பேச்சை காத் கிடைக்கிற ஊரில் வைக்க வேண்டும் என்று சமரசத் தூதருக்குக் கூட்டு மனு கொடுத்தார்கள். லுத்ஃபியும் அபூ நஜ்மும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். யார் முதலில் போடுவது என்று சண்டைகூட வரவில்லை. வெள்ளைக்காரர் கண் கலங்கிவிட்டார். கடைசியில் சமாதானம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. மனுவை மொழிபெயர்த்துக் கேட்டபின் நாலு நாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

கபூல் வாரம் தவறாமல் கூப்பிடுவாள். ஷாயிஃப் முன்னேற்றம் இருக்கிறது என்பார். என்ன முன்னேற்றம் என்பாள். ஒரு தடவை அவர், மேசை விவகாரம் முடிந்துவிட்டது, வட்ட மேசைக்கு ஒத்துக்கொண்டார்கள் என்றார்.

"தாபித்துக்குப் பல்லு ரெண்டு போயிடுச்சாம், உள்ள இருந்து வந்தவன் சொன்னான்" என்றாள் கபூல். "நீ மேசையைப் பாத்துக்க. நான் தம்பியைப் பாத்துக்கறேன்."

அவள் பார்த்துக்கொண்ட விதத்தைப் பிற்பாடு ஊரே சொல்லிச் சிரித்தது, அழுதது. தாபித்தைப் பிடித்து வைத்த சிறைத் தலைவன் ஷேக் நாஜி என்பவருடைய குலத்தைச் சேர்ந்தவன். ஷேக்கின் ஊர் போர்முனைக்கு அந்தப் பக்கம். கபூல் ஒரு பிக்கப் வண்டியில் இடம் பிடித்து, மலையைச் சுற்றி, மத்தியானம் மூன்று மணிக்கு அவர் வாசலில் போய் இறங்கினாள். உள்ளே நாற்பது பேர் காத் மென்றுகொண்டிருந்தார்கள். அவள் மேலே போட்டிருந்த தலைத்துணியை எடுத்து முற்றத்தில் போட்டுத் தீக்குச்சியைக் கிழித்தாள். ஒரு பெண் ஒருவன் வாசலில் தன் தலைத்துணியை எரித்துவிட்டால், அவள் வந்த காரியத்தை முடித்துக் கொடுக்காமல் அந்த மனிதன் ஆண்பிள்ளை என்று வெளியே நடமாட முடியாது. இது எங்கள் மலைகளில் எல்லோருக்கும் தெரியும். அம்மானில்தான் அதற்குப் படிவம் இல்லை.

ஷேக் நாஜி புகையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். வாயிலிருந்த இலை மொத்தத்தையும் துப்பினார். காத் மெல்லுகிறவர்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய தியாகம் என்று.

"இப்பத்தான் இலை பிடிக்க ஆரம்பிச்சுது. ஒரு மணி நேரம் கழிச்சு வந்திருக்கக் கூடாதா, தங்கச்சி" என்றார். பிறகு, "சொல்லு. யாரு, எங்க இருக்கான்?"

மறுநாள் அவர் இரண்டு காளைகளை ஓட்டிக்கொண்டு சிறைக்குப் போனார். வாசலில் காளைகளை அறுத்தார். இடுப்பிலிருந்த குத்துவாளை உறையோடு கழற்றிச் சிறைத் தலைவன் முன்னால் வைத்தார். குலத்துப் பெரியவர் தன் குத்துவாளை ஒருவன் முன்னால் வைத்துவிட்டால் அவர் கேட்டதைக் கொடுத்துத்தான் அதைத் திருப்பி எடுத்துக் கொடுக்க வேண்டும், வெறுங்கையோடு அனுப்ப முடியாது. அவன் நெளிந்தான். பெயர் பட்டியலில் இருக்கிறது, பட்டியல் அம்மானில் இருக்கிறது என்று இழுத்தான். ஷேக் குத்துவாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் தாபித் தைஸில் வீட்டுக்கு வந்துவிட்டான். "இவன் என் முகத்துல இருக்கான்" என்று ஷேக் நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தார். இனி அவனைத் தொடுகிறவன் ஷேக்கின் முகத்தில் கரி பூசுகிறான் என்று அர்த்தம்.

அம்மானில் இந்தச் செய்தி வந்தபோது ஷாயிஃப் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தால், அவசரக் கூட்டம் என்றார்கள்.

லுத்ஃபி மேசையின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். வெளிறிப் போயிருந்தார்.

"நான் ஒண்ணு கேக்கறேன்" என்றார். "கைதியை விடுவிக்கறது யார் வேலை? இந்தக் குழுவோட வேலை. ஒன்றரை வருஷமா இங்க ராத்திரி பகலா உழைக்கறோம். மூணு பேருக்குச் சர்க்கரை வந்திருக்கு. இப்ப எவளோ ஒருத்தி ஒரு முழத் துணியைக் கொளுத்தி மூணு நாள்ல ஆளைக் கூட்டிட்டு வந்துட்டான்னா, நாளைக்கு ஜனங்க என்ன கேப்பாங்க? அப்போ நீங்க அங்க என்னய்யா பண்ணீங்கன்னு கேப்பாங்களா மாட்டாங்களா? இது கைதி விடுதலை இல்ல, அரசாங்கத்து மேல நடந்த தாக்குதல்."

எல்லோரும் ஷாயிஃபைப் பார்த்தார்கள். மச்சானுக்காகத் தாபித்தைச் சேர்த்த பக்கத்து நாற்காலிக்காரரும் பார்த்தார்.

அதற்குமேல் நடந்தது கணக்குச் சண்டை. நூற்று அறுபத்து மூன்றுக்கு நூற்று அறுபத்து மூன்று என்று போன மாதம்தான் கையெழுத்தாகியிருந்தது. எண்பத்தெட்டாவது ஆளைக் கொடுத்துவிட்டோம், கழித்துக்கொள்ளுங்கள் என்றார் அபூ நஜ்ம். நீங்கள் கொடுக்கவில்லை, ஒரு பெண் வந்து கூட்டிக்கொண்டு போனாள், எங்களுக்கு இன்னும் ஓர் ஆள் வர வேண்டும் என்றார் லுத்ஃபி. இரண்டு பக்கமும் நூற்று அறுபத்திரண்டாக வைத்துக்கொள்ளலாமே என்று வெள்ளைக்காரர் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார். எண்ணைத் திறந்தால் பட்டியலைத் திறக்க வேண்டும், பட்டியலைத் திறந்தால் மேசையைத் திறக்க வேண்டும் என்று இருவரும் சேர்ந்து அவரைக் கடிந்துகொண்டார்கள். பரிமாற்றம் காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது.

ஷாயிஃபின் எண் எப்படியோ வெளியே போயிருந்தது. தாய்மார்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஹுதைதாவிலிருந்து, மஃரிபிலிருந்து, பெயரே கேள்விப்படாத ஊர்களிலிருந்து. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. எண்பத்தொன்பதாம் பெயருக்கு உரியவனின் தாய் ஒருத்தி, "உன் தம்பி வந்துட்டானாமே, மகனே, அல்லாஹ் அவனுக்கு ஆயுசைக் குடுக்கட்டும்" என்றாள். "எம்புள்ள அடுத்த பேருதானாமே. அவன் எப்ப வருவான்?" ஷாயிஃபுக்கு அந்தப் பழைய வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அதை அந்தப் பொம்பளையிடம் சொல்ல அவருக்குக் கூசியது.

மறுநாள் லுத்ஃபி அவரைக் கூப்பிட்டு அரசு முத்திரை போட்ட ஒரு கடிதத்தை நீட்டினார். 'பொருள்: விடுதலை செய்வதன் பொருட்டு, விடுதலையான கைதியைத் திரும்ப ஒப்படைத்தல்.' ஷாயிஃப் தைஸுக்குப் போக வேண்டும். தம்பியிடம் எடுத்துச் சொல்லி, சனாவில் அந்தப் பக்கத்தாரிடம் கொண்டுபோய் விட வேண்டும். ஒரே ஒரு நாள், அபூ நஜ்மும் ஒத்துக்கொண்டுவிட்டார். மறுநாளே மற்றவர்களோடு விமானத்தில் ஏற்றி முறைப்படி நம் பக்கத்து ஏடனுக்கு அனுப்பிவிடுவார்கள். தாபித் சம்மதிக்காவிட்டால், பட்டியலுக்கு வெளியே வந்தவன் என்பதால் எதிரியின் ஒற்றனாக இருப்பானோ என்று நம் பக்கமே விசாரிக்க வேண்டியிருக்கும் என்றார் லுத்ஃபி.

"சும்மா ஒரு சம்பிரதாயம்தான், உஸ்தாத்" என்று தோளைத் தட்டினார். "தேசத்துக்காக ஒரு நாள் உள்ள இருக்கக் கூடாதா? நான் ஒன்றரை வருஷமா வீட்டுச் சாப்பாடு இல்லாம இருக்கேன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?"

ஷாயிஃப் ஏடனுக்குப் பறந்து, அங்கிருந்து மலைப் பாதையில் நாள் முழுக்கக் குலுங்கி, தைஸ் போய்ச் சேர்ந்தார். ஏழு வருடம் கழித்து வீட்டுக்குள் நுழைகிறார். தாபித் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். பாதி ஆளாகியிருந்தான். அண்ணனைப் பார்த்துச் சிரித்தான். பல் இரண்டு இல்லைதான். ஷாயிஃப் கடிதத்தை எடுத்துப் படித்துக் காட்டினார். படிக்கப் படிக்க அவர் குரல் அவருக்கே பிடிக்காமல் போயிற்று.

தாபித் முழுவதும் கேட்டான். "போறேன் அண்ணே" என்றான். "ஒரு நாள்தானே. அங்க எங்கூட இருந்த பயலுங்க பாவம்." கையிலிருந்த தேநீர்க் கோப்பை சாய்ந்து, தேநீர் மடியில் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

கபூல் வந்து கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

"அவன் எங்கயும் போகப் போறதில்ல" என்றாள். "இவன் திரும்பி ஒரு மணி நேரம் உள்ள போனாக்கூட ஷேக் நாஜியோட முகம் கருத்துப் போயிடும். அந்த மனுஷன் வாயில இருந்த இலையைத் துப்பினாரு. உங்க குழுவுல எவனாச்சும் எதையாச்சும் துப்பினானா?"

ஷாயிஃப் தலையைக் குனிந்துகொண்டார். தாய்மார்கள் கூப்பிடுவதைச் சொன்னார். எண்பத்தொன்பதைப் பற்றிச் சொன்னார். தாபித் போகாவிட்டால் இரண்டு பக்கத்திலும் முன்னூறு பேருக்குமேல் உள்ளேயே கிடப்பார்கள் என்றார். கபூல் கொட்டிய தேநீரைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். பிழிந்தாள். மறுபடி துடைத்தாள்.

"இப்ப கணக்குக்கு ஒரு ஆள் வேணும். அவ்வளவுதானே?"

"ஆமா."

"மூஞ்சியைப் பாப்பாங்களா?"

"படம் இல்ல. பேரும் அப்பா பேரும்தான்."

கபூல் துணியைப் பிழிந்தபடி அவரையே பார்த்தாள். அப்பா பெயர் மூன்று பேருக்கும் ஒன்றுதான்.

"நான் போறேன்" என்றார் ஷாயிஃப்.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்ன வாக்கியம் என்று கவனித்தார். கபூல் உள்ளே போய்த் தாபித்தின் பழைய கைலியையும் கிழிந்த கோட்டையும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். டையைக் கழற்றிவிட்டுப் போ என்றாள். அவருக்கு முன்னால் அவள் அழவில்லை. வாசல் வரைக்கும் வந்து, இந்த வயசில் உனக்கு எதுக்குடா இது என்று கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

மலையைச் சுற்றி அந்தப் பக்கம் போனதும் ஷேக் நாஜி தன் வண்டியிலேயே அவரைச் சனாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நீ கைதியாகப் போகவில்லை, என் விருந்தாளியாகப் போகிறாய் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பேச்சுவார்த்தை நடத்தி நடத்தி அலுத்தவர்களின் பேச்சை அவர் விரும்பிக் கேட்டார். மூன்றாவது மாடிக் கதையைச் சொன்னபோது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அபூ நஜ்ம் அம்மானிலிருந்து திரும்பியிருந்தார். ஷாயிஃபை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றரை வருடம் எதிர் அறையில் இருந்த ஆளை அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஷாயிஃபின் முகத்தில் இருந்த பதினொரு நாள் தாடியெல்லாம் அவரை ஏமாற்றாது. அவர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். "பேரு சரியா இருக்கு. எண் சரியா இருக்கு" என்றார். "அப்போ ஆளும் சரிதான்." கூட்டு மனுவுக்கு அவர் கையெழுத்துப் போட்டதும் இதே வேகத்தில்தான்.

விமான நிலையத்தில் வெளிநாட்டு உதவிக் குழுப் பெண் ஒருத்தி ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து ஒரே கேள்வி கேட்டாள். நீங்கள் உங்கள் சொந்த விருப்பத்தோடுதான் போகிறீர்களா? மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிக்கும்வரை ஷாயிஃப் காத்திருந்தார். நாலு நாட்டுக்கு அவரை அனுப்பியிருக்கிறார்கள். நாலிலிருந்தும் திருப்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை. கேள்வி புரியவில்லையா என்று அந்தப் பெண் இன்னொரு தடவை கேட்டாள். ஆமாம், சொந்த விருப்பம்தான் என்றார்.

விமானத்தில் பக்கத்தில் எண்பத்தேழு. எலும்பும் தோலுமாக ஒரு மனிதர். எந்தச் சிறையில் இருந்தாய், எத்தனையாவது அறை என்று விசாரித்தார். பொய் சொல்லிப் பழகிய ஷாயிஃபுக்கு அன்றைக்கென்று பொய் வரவில்லை.

"மூணாவது மாடி" என்றார்.

"மாடியிலயா வச்சிருந்தாங்க? குடுத்து வச்சவன்யா நீ. ஜன்னல் இருந்துச்சா?"

"இருந்துச்சு. திறக்க வராது."

எண்பத்தேழு அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டு, தனக்குக் கொடுத்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவர் கையில் வைத்தார்.

ஏடனில் வெயில் கொளுத்தியது. சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். இறங்குகிற படியிலேயே ஒரு குமாஸ்தா பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டு, முத்திரை குத்திய விடுதலைச் சான்றிதழை ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். தாபித் முக்பில் என்று கூப்பிட்டதும் ஷாயிஃப் கை நீட்டினார். வாங்கி, எழுத்தெழுத்தாகப் படித்தார். இனி எந்தப் பக்கத்தானும் தம்பியை ஒன்றும் கேட்க முடியாது. காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் குலவையிட்டார்கள். அவருக்குப் பின்னால் இறங்கிய எண்பத்தொன்பது, பையன்தான், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, வேலிக்கு அப்பால் யாரையோ பார்த்துவிட்டு ஓ என்று அழுதான்.

கம்பளத்தின் முனையில் மாண்புமிகு டாக்டர் லுத்ஃபி நின்றார். உயர்குழுவின் அயராத உழைப்பு இந்த வெற்றியைத் தந்தது என்றும், குழுவின் ஓர் உறுப்பினர் சொந்தக் குடும்ப விவகாரத்தால் இதைக் கெடுக்கப் பார்த்தும் முடியவில்லை என்றும், அந்த ஆள் இப்போது எங்கே என்றே தெரியாமல் ஓடிவிட்டார் என்றும் ஏற்கெனவே ஒலிபெருக்கியில் பேசி முடித்திருந்தார். இப்போது ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, ஒரு கேள்வி கேட்டு, கேமராவுக்காகப் பதிலைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டிப்பிடிக்கும்போது அவர் கண் கேமராவிலேயே இருந்தது. ஆளைப் பார்க்க நேரமில்லை.

ஷாயிஃபையும் கட்டிப்பிடித்தார். ஒன்றரை வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து பழகிய அதே அத்தர் வாசம்.

"எத்தனை வருஷம் உள்ள இருந்தே, சகோதரா?"

தாபித் உள்ளே இருந்தது ஒரு வருடமும் பத்து மாதமும். ஷாயிஃப் அதைத்தான் சொல்ல நினைத்தார். ஆனால் வெயில், களைப்பு, பாதி ரொட்டிதான் வயிற்றில். அமைச்சகத்து வருகைப் பதிவேட்டில் முதல் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து எண்ணிவிட்டார்.

"முப்பத்திரெண்டு வருஷம்" என்றார்.

கேமராக்கள் நெருங்கி வந்தன. லுத்ஃபி ஷாயிஃபின் கையைப் பிடித்து உயரத் தூக்கினார்.

"முப்பத்திரெண்டு வருஷம்" என்றார், குரல் உடைந்து. "கேளுங்க, உலகமே கேளுங்க. முப்பத்திரெண்டு வருஷமா இந்த ஏழையை எதிரி சிறையில அடைச்சு வச்சிருந்திருக்கான்."

போர் தொடங்கியே பத்து வருடம் ஆகவில்லை. அங்கே நின்ற அதிகாரிகள் எல்லோரும் கை தட்டினார்கள். நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள். லுத்ஃபி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எண்பத்தொன்பதாம் ஆளைக் கட்டிப்பிடிக்க நகர்ந்தார்.